ஏழு பேரில் ஆறு பேரைக் காவு கொடுப்பது எப்படி?

விண்வெளியில் ஒரு மிருகத்திடம் சிக்கிச் சாவதற்கு அபாரமான துரதிர்ஷ்டம் வேண்டும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதெல்லாம் வேண்டாம். நாலைந்து வருடம் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்த்த அனுபவம் போதும். உங்களுக்கு அது இருக்கிறது. ஆகவே பாதிப் பாடம் ஏற்கெனவே முடிந்துவிட்டது. மீதியையும் இன்றே முடித்துவிடலாம்.

நமது பாடநூல், 1979-இல் ரிட்லி ஸ்காட் இயக்கி வெளிவந்த 'ஏலியன்'. திரைக்கதை டான் ஓபானன். 'நோஸ்ட்ரோமோ' என்ற இழுவைக் கப்பல் இரண்டு கோடி டன் தாதுவையும், அதைச் சுத்திகரிக்கும் ஆலையையும் இழுத்துக்கொண்டு பூமிக்குத் திரும்புகிறது. கப்பலில் ஏழு பேர், ஒரு பூனை. படம் முடியும்போது ஒருவர், ஒரு பூனை. இடையில் நடந்த அத்தனையையும் அந்த மிருகத்தின் கணக்கில் எழுதிவிட்டார்கள். இது அநியாயம். ஏறத்தாழ இரண்டு மணி நேரப் படத்தில் வளர்ந்த மிருகம் கண்ணில் படுவதே சில நிமிடங்கள்தான். மிச்ச உழைப்பெல்லாம் ஊழியர்களும் நிர்வாகமும் கொடுத்தது. அவர்கள் வழியைப் பின்பற்றுங்கள். சந்தேகம் வந்தால் உங்கள் அலுவலகத்தில் யாரையாவது கேளுங்கள், சரியாகவே சொல்வார்கள்.

1. கண் விழித்ததும் போனஸைப் பற்றிப் பேசுங்கள்

நோஸ்ட்ரோமோக்காரர்கள் மாதக்கணக்கில் பெட்டிக்குள் உறங்கியபடி பயணம் செய்கிறவர்கள். கப்பலைப் பார்த்துக்கொள்வது 'மதர்' என்கிற கணினி. பாதி வழியிலேயே அது எல்லோரையும் எழுப்பிவிடுகிறது. ஏன் எழுப்பியது என்று தெரிந்துகொள்வதற்குள், சாப்பாட்டு மேசையில் எஞ்சின் அறைப் பார்க்கர் போனஸ் பேச்சை எடுத்துவிடுகிறார். அவருக்கும் அவர் கூட்டாளி பிரெட்டுக்கும் மற்றவர்களைவிடப் பங்கு குறைவு. கோரிக்கையில் நியாயம் இருக்கிறது. அதைத்தான் நீங்களும் பின்பற்ற வேண்டும். நியாயமான கோரிக்கையோடு காத்திருப்பவரை எந்தக் கிணற்றிலும் இறக்கிவிடலாம். கோரிக்கைத் தாளை உள்ளே போட்டால் பின்னாலேயே குதிப்பார்.

அக்கம்பக்கத்துச் சிறு கோள் ஒன்றிலிருந்து ஏதோ சமிக்ஞை வருகிறது, போய்ப் பார்க்க வேண்டும் என்கிறார் கேப்டன் டாலஸ். இது சரக்குக் கப்பல், மீட்புக் கப்பல் இல்லை என்று பார்க்கர் முரண்டு பிடிக்கிறார். உடனே அறிவியல் அதிகாரி ஆஷ் ஒப்பந்தத்தின் பிரிவு ஒன்றை ஒப்பிக்கிறார்: அறிவுள்ள ஜீவன் அனுப்பியிருக்கக்கூடிய எந்தச் சமிக்ஞையையும் விசாரித்தே தீர வேண்டும், தவறினால் பங்கு முழுவதும் போய்விடும். பார்க்கர் அடங்கிவிடுகிறார்.

அந்தப் பிரிவு எல்லோருடைய ஒப்பந்தத்திலும் இருந்ததுதான். மனப்பாடமாகத் தெரிந்திருந்தது ஒருவருக்கு மட்டும். அவருக்கு மட்டும் ஏன் தெரிந்திருந்தது என்று இப்போதே கேட்டுவிடாதீர்கள். அந்தக் கேள்வியை மூன்று பிணம் விழுந்தபின் கேட்பதுதான் முறை.

2. எச்சரிக்கைகளைத் தாமதமாகப் படியுங்கள்

டாலஸ், கேன், லாம்பர்ட் மூவரும் சமிக்ஞையைத் தேடி வெளியே நடந்து போய்விடுகிறார்கள். போனபிறகுதான், கப்பலில் இருக்கும் ரிப்ளி அந்தச் சமிக்ஞையின் ஒரு பகுதியைக் கணினியில் கொடுத்துப் பிரித்துப் பார்க்கிறார். உதவி கேட்டு வந்த அழைப்பு மாதிரித் தெரியவில்லை, கிட்டே வராதே என்கிற எச்சரிக்கை மாதிரி இருக்கிறது. பின்னாலேயே போய்ச் சொல்கிறேன் என்கிறார். நீங்கள் போய்ச் சேர்வதற்குள் அது எச்சரிக்கையா இல்லையா என்று அவர்களுக்கே தெரிந்துவிடுமே என்கிறார் ஆஷ்.

இந்த வாதத்தை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பாலத்துக்கும் பொருந்தும், பட்டாசு ஆலைக்கும் பொருந்தும். எதிர்த்துப் பேச யாருக்கும் வாய் வராது. ரிப்ளிக்கும் வரவில்லை.

3. குனிந்து பாருங்கள்

கைவிடப்பட்ட ஒரு பெரிய கலத்துக்குள் மூவரும் நுழைகிறார்கள். அங்கே நாற்காலியோடு நாற்காலியாக இறுகிப்போன ராட்சத விமானி ஒருவரின் உடல். விலா எலும்புகள் வெளிப்பக்கமாக வளைந்திருக்கின்றன. உள்ளேயிருந்து வெடித்ததுபோல இருக்கிறது என்று டாலஸ் தன் வாயாலேயே சொல்கிறார். வாருங்கள் போய்விடலாம் என்கிறார் லாம்பர்ட். தடயம் கிடைத்துவிட்டது, முடிவும் கிடைத்துவிட்டது, யோசனையும் கிடைத்துவிட்டது. இந்த மூன்றும் கையில் இருக்கும்போது நீங்கள் செய்ய வேண்டியது இன்னும் கீழே இறங்குவது.

கேன் இறங்குகிறார். முதலில் போகிறேன் என்று தானாகவே முன்வந்தவர் அவர்தான். உங்கள் அலுவலகத்திலும் இப்படி ஒருவர் இருப்பார். அவரை நன்றாக வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பயன்படுவார். அடியில் ஓர் ஆள் இடுப்பளவு முட்டைகள், வரிசை வரிசையாக. ஒன்றுக்குள் ஏதோ அசைகிறது. மேல்தோல் நான்கு இதழாக விரிகிறது. வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டவர்கூட ஓணானின் முகத்துக்கு நேரே தன் முகத்தைக் கொண்டுபோனதாகக் கதை இல்லை. கேன் கொண்டுபோகிறார். முகமூடிக் கண்ணாடியைத் துளைத்து அது முகத்தோடு ஒட்டிக்கொள்கிறது.

உள்ளே அசைந்தது என்ன தெரியுமா? ரப்பர் கையுறை போட்ட ரிட்லி ஸ்காட்டின் சொந்தக் கைகள். இயக்குநரே உங்களை உள்ளிருந்து கையசைத்துக் கூப்பிடும்போது எப்படிப் போகாமல் இருப்பீர்கள்?

4. விதி தெரிந்தவரைக் கல்நெஞ்சக்காரி என்று சொல்லுங்கள்

முகத்தில் ஜந்துவோடு கேனைத் தூக்கிக்கொண்டு கப்பல் வாசலில் வந்து நிற்கிறார்கள். உள்ளே அப்போது பொறுப்பில் இருப்பவர் ரிப்ளி. கதவைத் திறக்க மாட்டேன் என்கிறார். தொற்று நீக்க 24 மணி நேரம் தனிமைப்படுத்த வேண்டும், இப்போது உள்ளே விட்டால் எல்லோரும் சாகலாம் என்கிறார். படம் முழுவதிலும் யாரும் இதைவிடச் சரியாக எதையும் சொல்லவில்லை.

எனவே அவரைத் திட்டுங்கள். வெளியிலிருந்து கத்துங்கள். கேப்டன் என்ற முறையில் உத்தரவு போடுங்கள். ஓர் உயிர் போகப் போகிறது, இவள் விதி பேசுகிறாளே என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லுங்கள். 2020-இல் உங்களுக்கு இதில் நல்ல பயிற்சி கிடைத்தது. வாசலில் ஒட்டிய தனிமைப்படுத்தல் நோட்டீஸை மறைத்துக் கோலம் போட்டவர்களும் உண்டு, நோட்டீஸ் ஒட்ட வந்தவரை விரட்டியவர்களும் உண்டு. அந்தத் திறமை துருப்பிடிக்கக் கூடாது.

இவ்வளவும் செய்தும் ரிப்ளி அசையவில்லை என்றால், பக்கத்தில் நிற்கும் அறிவியல் அதிகாரி அமைதியாகப் பொத்தானை அமுக்கிக் கதவைத் திறந்துவிடுவார். யார் திறந்தது என்று கேட்காதீர்கள். திறக்காதவர் மீதுதான் கோபப்பட வேண்டும். 2003-இல் வந்த இயக்குநர் பதிப்பில், உள்ளே வந்த லாம்பர்ட் நேராகப் போய் ரிப்ளியின் கன்னத்தில் ஓர் அறை விடுகிறார். அந்தக் காட்சியை மட்டும் இரண்டு தடவை பாருங்கள். முறையாகச் செய்யப்பட்ட வேலை எப்படி இருக்கும் என்பதற்கு அது உதாரணம்.

5. துறைகளைப் பிரித்து வையுங்கள்

ஜந்துவின் காலை வெட்டி எடுக்கப் பார்க்கிறார்கள். பீச்சிய ரத்தம் அமிலம்; ஒரு தளத்தைத் துளைத்து, அடுத்த தளத்தைத் துளைத்துக் கீழே இறங்குகிறது. கப்பலின் வெளிச்சுவரையே துளைத்துவிடுமோ என்று எல்லோரும் படிப்படியாகக் கீழே ஓடுகிறார்கள். அதைக் கொல்லவும் முடியாது, வைத்துக்கொள்ளவும் முடியாது, நல்ல வடிவமைப்பு. பிறகு அது தானாகவே செத்து உதிர்கிறது. வெளியே வீசிவிடலாம் என்கிறார் ரிப்ளி. ஆராய்ச்சிக்குக் கொண்டுபோக வேண்டும் என்கிறார் ஆஷ். முடிவெடுக்க வேண்டிய டாலஸ், அறிவியல் சம்பந்தப்பட்டதில் ஆஷ் சொல்வதே இறுதி என்று சொல்லிவிட்டு நகர்கிறார். ஏன் அப்படி என்றால், கம்பெனி அப்படித்தான் விரும்புகிறது. நான் கப்பலை ஓட்டுகிறவன், அவ்வளவுதான் என்கிறார்.

கோப்பு நம் மேசைக்கு வரவில்லை என்றால் ஆபத்தும் நம் மேசைக்கு வராது. இதை நீங்கள் நம்புகிறீர்கள், நானும் நம்புகிறேன். டாலஸும் நம்பினார். இதற்கு முன் ஐந்து பயணங்களில் தன்னோடு வந்த அறிவியல் அதிகாரியை, இம்முறை புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு மாற்றி ஆஷைப் போட்டார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். மேலிடத்தில் ஏதோ காரணம் இருக்கும் என்று விட்டுவிட்டார். மேலிடத்தில் உண்மையிலேயே காரணம் இருந்தது.

6. எழுந்தவருக்குச் சாப்பாடு போடுங்கள்

கேன் கண் விழித்துவிட்டார். பசிக்கிறது என்கிறார். மயங்கிக் கிடந்தபோது என்ன நடந்தது, உடம்புக்குள் ஏதாவது மிச்சமிருக்கிறதா, மீண்டும் ஒரு பரிசோதனை வேண்டாமா என்றெல்லாம் நச்சரிக்காதீர்கள். சிரிக்கிறார், சாப்பிடுகிறார், ஆகவே குணமாகிவிட்டார். உறங்கப் போகும் முன் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுங்கள். வாயில் சோற்றோடு பேசுங்கள்.

அவருக்கு இருமல் வருகிறது. துடிக்கிறார். மேசைமேல் சாய்த்துப் பிடிக்கிறார்கள். மார்பைப் பிளந்துகொண்டு ஒன்று வெளியே தலை நீட்டுகிறது. பார்க்கர் கத்தியோடு பாய்கிறார். கைக்கெட்டும் தூரத்தில், கையளவு உயரத்தில் நிற்கிறது அது. தொடாதே என்று தடுப்பவர் மறுபடியும் ஆஷ். பார்க்கரும் தயங்கிவிடுகிறார். படத்தில் அந்த மிருகத்தைச் சுலபமாகக் கொல்லக்கூடிய கடைசி வாய்ப்பு அதுதான். அறிவியல் அதிகாரி சொன்னால் சரியாக இருக்கும் என்று விட்டுவிட்டார்கள்.

கிளைப்பாடம்: இயக்குநர் ஆக விரும்புவோருக்கு

இந்தக் காட்சியை நீங்கள் எடுப்பதாக இருந்தால், நடிகர்களுக்கு எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லுங்கள். இத்தனை லிட்டர் ரத்தம், இந்தப் பக்கம் குழாய், இங்கே நின்றால் மேலே படாது. அப்போதுதான் எல்லோரும் அழகாக, பாதுகாப்பாக, பொய்யாகக் கத்துவார்கள்.

ஸ்காட் அப்படிச் செய்யவில்லை. 1978-இல் இங்கிலாந்தின் ஷெப்பர்ட்டன் ஸ்டூடியோவில் நடந்த அந்தப் படப்பிடிப்பில், மார்பைப் பிளந்து ஒன்று வரும் என்று நடிகர்களுக்குக் கதையிலிருந்து தெரியும். எவ்வளவு ரத்தம், எந்தத் திசையில் என்று தெரியாது. கேனாக நடித்த ஜான் ஹர்ட்டின் தலையும் கைகளும் மட்டும் அவருடையவை, மார்பு செயற்கை. அதற்குள் கசாப்புக் கடைக் குடலும் ஈரலும் திணித்திருந்தார்கள். நடிகர்கள் உள்ளே வந்தபோது, கேமராக்காரர்கள் எல்லாம் மழைக்கோட்டு மாட்டி நிற்பதைப் பார்த்தார்கள். அப்போதாவது சந்தேகம் வந்திருக்க வேண்டும். லாம்பர்ட்டாக நடித்த வெரோனிகா கார்ட்ரைட்டின் முகத்தில் நேராகப் பீச்சியது. படத்தில் நீங்கள் பார்க்கும் அலறல் அப்போது வந்ததுதான்.

மிருகத்தையும் முழு வெளிச்சத்தில், தலை முதல் கால் வரை நிறுத்திக் காட்டுங்கள். உடைக்குள் ஆள் இருப்பது ரசிகருக்குத் தெரிய வேண்டாமா? இங்கேயும் ஸ்காட் தவறிவிட்டார். சுவிட்சர்லாந்து ஓவியர் எச்.ஆர்.கீகர் எலும்பும் குழாயும் பின்னிய உருவத்தை வரைந்து கொடுத்தார். அதை அணிந்தவர் பொலாஜி படேஜோ, லண்டன் மதுக்கடை ஒன்றில் கண்ணில் பட்ட நைஜீரிய மாணவர், ஏழடிக்கு இரண்டு அங்குலம் குறைவு. இவ்வளவு பாடுபட்டுச் செய்துவிட்டு, நீராவியிலும் இருட்டிலும் பாதியை ஒளித்து வைத்தார்கள். மனித உருவம் என்பதே கண்ணுக்குப் படவில்லை. ராட்சத விமானியின் அறையில் இன்னொரு தில்லுமுல்லு. அரங்கம் இன்னும் பெரிதாகத் தெரிவதற்காக, ஸ்காட் தன் இரண்டு மகன்களுக்குச் சின்ன விண்வெளி உடை போட்டு எட்ட நிறுத்திப் படம் பிடித்தார். இதற்கெல்லாம் சேர்த்து 1980-இல் கீகர் குழுவினருக்குச் சிறப்புக் காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கர் கொடுத்துவிட்டார்கள். உங்களுக்கு அந்தச் சங்கடம் வேண்டாம், வெளிச்சத்தைக் கூட்டுங்கள்.

7. பூனையைத் தேட ஒருவரை மட்டும் அனுப்புங்கள்

மிருகம் கப்பலுக்குள் எங்கோ இருக்கிறது. அதைப் பிடிக்க உங்களிடம் இருப்பவை: ஒரு வலை, மின்சாரத் தார்க்குச்சி சில, காற்றசைவைக் கண்டுபிடிக்கும் ஒரு கருவி. கருவி பீப் பீப் என்கிறது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அலமாரியைத் திறக்கிறார்கள். ஜோன்ஸ் என்கிற பூனை பாய்ந்து ஓடுகிறது. பிரெட் வலையை விட்டுவிட்டார்.

பூனையைப் பிடித்து வை, இல்லாவிட்டால் கருவி மறுபடியும் அதையே காட்டும் என்கிறார் பார்க்கர். அருமையான தர்க்கம். இதைக் கேட்டதும் நீங்கள் மூன்று பேராகப் போகக் கூடாது. தவறு செய்தவரைத் தனியாக அனுப்ப வேண்டும். பொறுப்புணர்வு இப்படித்தான் வளரும். பிரெட் போகிறார். படம் முழுக்க யார் எதைச் சொன்னாலும் சரி என்று ஒற்றைச் சொல்லில் தலையாட்டியவர், இதற்கும் தலையாட்டிவிட்டுப் போகிறார்.

வழியில் உரிந்து கிடக்கும் தோல் ஒன்றைப் பார்க்கிறார். எதுவோ ஒன்று இப்போது முன்பைவிடப் பெரிதாக இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். ஓடிப்போய்ச் சொல்லாதீர்கள். சங்கிலிகள் தொங்கும் பெரிய அறையில், மேலிருந்து சொட்டும் தண்ணீரில் தொப்பியைக் கழற்றி முகத்தைக் காட்டுங்கள். வேர்த்துப் போயிருப்பீர்கள். பூனை கண் முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறது, பார்வை உங்கள் தோளுக்குப் பின்னால். (அந்தப் பார்வை வருவதற்காகப் படப்பிடிப்பில் மறைப்புக்குப் பின்னால் ஒரு ஜெர்மன் ஷெப்பர்ட் நாயை நிறுத்தியிருந்தார்கள். பிரெட்டைவிடப் பூனைக்கு முன்னறிவிப்பு அதிகம்.)

8. தலைவர் குழாய்க்குள் போகட்டும்

மிருகம் காற்றுக் குழாய்கள் வழியாகத் திரிகிறது. தீ கக்கும் துப்பாக்கியோடு ஒருவர் உள்ளே தவழ்ந்து போய் அதை வெளிவாசல் பக்கம் விரட்ட வேண்டும். கேப்டனே போகிறார். நல்ல தலைவர் என்று நீங்கள் சொல்வீர்கள். நானும் சொல்வேன், கப்பல் என்றால் ஒரு கேப்டன்தான் இருப்பார் என்பதை மறந்துவிட்டால்.

வெளியே கருவியில் லாம்பர்ட்டுக்குப் புள்ளி தெரிகிறது. நெருங்குகிறது என்கிறார். எந்தப் பக்கம், மேலேயா கீழேயா, யாருக்கும் தெரியவில்லை. நகருங்கள் என்று கத்துகிறார். டாலஸ் நகர்கிறார், அதன் கைகளுக்குள். பிறகு அங்கே கிடைத்தது துப்பாக்கி மட்டும்தான்.

9. நிர்வாகத்தின் நோக்கத்தைக் கடைசியில் கேளுங்கள்

கேனும் டாலஸும் போனதால் ரிப்ளி இப்போது தலைமை. கணினி அறையின் சாவி அவர் கைக்கு வருகிறது. முதல் முறையாக மதரிடம் நேரடியாகக் கேட்கிறார்: இங்கே உண்மையில் என்ன நடக்கிறது? அறிவியல் அதிகாரி கண்ணுக்கு மட்டும் என்று எழுதிய சிறப்பு உத்தரவு 937 திரையில் வருகிறது. உயிரினத்தைப் பத்திரமாகக் கொண்டுவருவதே முதல் வேலை. மற்றவை எல்லாம் இரண்டாம்பட்சம். ஊழியர்களை இழந்தாலும் பாதகமில்லை.

இது பயணம் தொடங்கும் முன்பே அங்கே இருந்தது. சமிக்ஞை தற்செயல் இல்லை. ஆஷ் தற்செயல் இல்லை. கதவு தற்செயல் இல்லை. ஐந்து பேர் மிச்சமிருக்கும்போது இதைக் கேட்டிருக்கலாம். கேட்காததுதான் சரி, ஊழியர் கூட்டத்தில் எழுந்து நின்று கம்பெனியின் உண்மையான நோக்கம் என்ன என்று கேட்பவரை நீங்களே சட்டையைப் பிடித்து உட்கார வைத்துவிடுவீர்களே.

ஆஷ் அப்போது பக்கத்திலேயே நிற்கிறார். நெற்றியில் வெள்ளையாக ஒரு துளி. சுருட்டிய பத்திரிகையை ரிப்ளியின் வாயில் திணிக்கிறார். பார்க்கர் தீயணைப்பானால் ஓங்கி அடிக்க, தலை கழன்று தொங்குகிறது. உள்ளே ரத்தம் இல்லை, பால் மாதிரி ஒரு திரவம். அவர் மனிதரே அல்ல, கம்பெனி அனுப்பிய இயந்திரம். தலையை மேசைமேல் வைத்து மின்சாரம் கொடுத்துக் கேட்கிறார்கள்: அதை எப்படிக் கொல்வது? முடியாது என்கிறது தலை. அந்த மிருகத்தின் தூய்மையை மெச்சுகிறது. கடைசியில், உங்களுக்கு என் அனுதாபங்கள் என்கிறது. பணிநீக்கக் கடிதங்களில் நீங்கள் பார்த்த அதே நடை.

10. பிரிந்து செல்லுங்கள், அதுவும் ஒருவருக்கொருவர் கண்ணில் படாத தூரத்துக்கு

சிறு படகில் தப்பிக்கலாம் என்று லாம்பர்ட் முன்பே கெஞ்சினார். நாலு பேருக்குப் படகு தாங்காது என்று மறுத்தார்கள். ஆஷின் தலை போனதும் நாலு மூன்றாகிவிட்டது. இடப் பிரச்சினை தீர்ந்தது. மூவரும் ஒன்றாகவே இருங்கள் என்று சொன்னால் நீங்கள் கேட்கப் போவதில்லை. ஆகவே பார்க்கரும் லாம்பர்ட்டும் குளிர்விக்கும் வாயுச் சிலிண்டர்களை எடுக்கப் போங்கள், ரிப்ளி வேறு பக்கம் பூனையைத் தேடட்டும். மிருகம் வந்து நிற்கும்போது லாம்பர்ட் உறைந்துபோவார். அவர் நடுவில் நிற்பதால் பார்க்கரால் நெருப்பைக் கக்க முடியாது. விலகு, விலகு என்று கத்துவார். படத்தில் மற்றொருவரைக் காப்பாற்ற முயன்று செத்தவர் பங்கு குறைந்த அந்த எஞ்சின் அறைக்காரர்தான். அவருக்கு போனஸ் கிடைத்ததா என்று படம் சொல்லவில்லை.

11. விதிமுறையைத் தீப்பிடித்தபின் பின்பற்றுங்கள்

கப்பலையே வெடித்துச் சிதற வைக்க ரிப்ளி முடிவு செய்கிறார். பலகையில் எழுதியிருக்கும் செயல்முறையை ஒவ்வொரு வரியாகப் படித்து, ஒவ்வொரு திருகாகக் கழற்றுகிறார். பத்து நிமிடக் கெடு. முதல் ஐந்து நிமிடத்துக்குள் ரத்து செய்துகொள்ளலாம். படகுக்குப் போகும் வழியில் மிருகம் நிற்கிறது. திரும்பி ஓடிவந்து ரத்து செய்கிறார்; சில நொடி தாமதம். மதர் ஒப்புக்கொள்ளவில்லை, கெடுவை எண்ணிக்கொண்டே போகிறது. விதி பேசிய பெண்ணிடம் கணினியும் விதியையே பேசிவிட்டது. நீங்கள் இதைப் பார்த்துச் சிரிக்கலாம். கடைசி நாள் மாலையில் வரி விவரம் தாக்கல் செய்பவர் யாரும் சிரிக்க மாட்டார்.

இங்கேதான் ரிப்ளி பாடத்திலிருந்து விலகுகிறார். படகில் ஏறிப் போய், கப்பல் வெடித்து, உடையை மாற்றப் போகும் நேரத்தில் குழாய்களுக்கு நடுவே மிருகம் சுருண்டிருப்பதைப் பார்க்கிறார். பேசுவதற்கு யாரும் இல்லை, தடுப்பதற்கு யாரும் இல்லை, ஒப்பந்தப் பிரிவை ஒப்பிக்க யாரும் இல்லை. மெதுவாக விண்வெளி உடைக்குள் நுழைகிறார், நாற்காலியில் வார்ப்பட்டையைப் பூட்டிக்கொள்கிறார், கதவைத் திறந்துவிடுகிறார். வேலை சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. தயவுசெய்து இதைப் பின்பற்றாதீர்கள். எல்லோரும் இப்படிச் செய்தால் பாகம் இரண்டு எடுக்க முடியாது.

12. எல்லாவற்றையும் விளக்குங்கள்

பாகங்கள் எடுத்தார்கள். முதல் படத்தில் அந்த ராட்சத விமானி யார், எங்கிருந்து வந்தார், முட்டைகளை ஏற்றியது எதற்காக என்று ஒரு வார்த்தை இல்லை. அந்த இருட்டு ரசிகரின் தூக்கத்தை 33 ஆண்டுகள் கெடுத்துக்கொண்டிருந்தது. 2012-இல் அதே ஸ்காட் 'ப்ரொமீதியஸ்' எடுத்து, அவர்கள் யார், நமக்கு என்ன உறவு என்று பொறுப்பாகச் சொல்லிக்கொடுத்தார். நிம்மதியாகத் தூங்க முடிந்தது. படத்தின் நடுவிலேயே சிலருக்கு முடிந்தது. பார்ப்பவருக்கும் இதுவே என் ஆலோசனை: பகல் வெளிச்சத்தில், கைபேசியில், ஒன்றரை மடங்கு வேகத்தில், மிருகம் வராத இடங்களைத் தள்ளித் தள்ளிப் பாருங்கள். எப்படியும் அப்படித்தான் பார்க்கிறீர்கள்.

13. தப்பித்தவரை விசாரியுங்கள்

இது நிர்வாகத்தில் இருப்போருக்கு மட்டும். 1986-இல் ஜேம்ஸ் கேமரூன் எடுத்த 'ஏலியன்ஸ்' இதற்கு வழிகாட்டி. 57 ஆண்டுகள் மிதந்த படகு கண்டெடுக்கப்படுகிறது. ரிப்ளி உயிரோடு இருக்கிறார். உடனே ஒரு விசாரணைக் குழு போடுங்கள். செத்தவர்களைப் பற்றி இரங்கல் தெரிவிப்பதற்கு முன் கப்பலின் விலையைச் சொல்லுங்கள்: இன்றைய மதிப்பில் 4 கோடியே 20 லட்சம் டாலர், அதுவும் சரக்கை நீக்கி. மிருகம் இருந்ததற்கு ஆதாரம் எங்கே என்று கேளுங்கள். ஆதாரத்தைத்தான் அவர் கதவுக்கு வெளியே தள்ளிவிட்டாரே. கப்பல் ஓட்டும் உரிமத்தைப் பறியுங்கள். சரக்குத் தளத்தில் பளு தூக்கும் இயந்திரம் ஓட்டப் போகட்டும்.

அந்தக் கோளில் இருபது வருடத்துக்கும் மேலாக அறுபது எழுபது குடும்பங்கள் வசிக்கின்றன, ஒருவரும் புகார் சொல்லவில்லை என்று அவரிடமே சொல்லுங்கள். பிறகு, கூட்டம் கலைந்ததும், ரிப்ளி குறிப்பிட்ட இடத்தைப் போய்ப் பாருங்கள் என்று அந்தக் குடும்பங்களுக்கு ஓர் உத்தரவு அனுப்புங்கள். எதற்காக என்று எழுத வேண்டாம். அங்கே என்ன இருக்கும் என்றும் எழுத வேண்டாம். கம்பெனி அதிகாரி பர்க் இதையெல்லாம் சரியாகவே செய்தார்.

ஒரே ஓர் இடத்தில் கோட்டை விட்டுவிட்டார். நீங்களாவது கவனமாக இருங்கள். அந்த உத்தரவில் தேதியும் தன் பெயரும் போட்டுக் கையெழுத்திட்டிருந்தார். குடியிருப்பின் பதிவேட்டைப் புரட்டி ரிப்ளி அதைக் கண்டுபிடித்துவிட்டார். வாய்மொழியாகச் சொல்லிவிடுங்கள்.